வேடந்தாங்கல் கவுல்

வேடந்தாங்கல் கவுல் என்பது, வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடாமல் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்று, 1798ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸ் அளித்த எழுத்து ஆவணம் ஆகும். பறவைப் பாதுகாப்பு வரலாற்றில் இது அடிக்கடி பேசப்படுவது. ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளைப் படிக்கும் மாணவர்களுக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் கொடுத்த வாக்கு எப்போது சட்டப்படி செல்லும்? அதை எழுதித்தான் கொடுக்க வேண்டுமா? அதில் சேராத மூன்றாம் நபருக்கு அதனால் உரிமையோ கடமையோ உண்டா? இம்மூன்று கேள்விகளையும் இந்த ஒரு தாளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஊரும் ஏரியும்

வேடந்தாங்கல், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூர். வேடன், தாங்கல் என்னும் இரு சொற்கள் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆனது என்பர். தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும். வேடனின் பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்தது என்பது இதன் சிறப்பு.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் முதலியவை கூடு கட்டுகின்றன. இவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து உரமாகிறது. அந்த நீர் பாயும் வயலில் விளைச்சல் கூடும் என்பதை ஊரார் அனுபவத்தில் அறிந்திருந்தனர். ஆகவே பறவையைக் காப்பதில் இரக்கத்தோடு பயனும் சேர்ந்திருந்தது. பின்னால் வரும் சட்ட விளக்கத்துக்கு இந்தச் செய்தி தேவைப்படும்.

கவுல் என்னும் சொல்

கவுல் என்பதன் மூலம் 'கௌல்' என்ற அரபுச் சொல். அதன் பொருள் 'சொல்', 'வாக்கு'. முகலாயர், நவாபு காலங்களில் ஆட்சியாளர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிக்கும் குத்தகைச் சீட்டுக்கும் இது பெயராயிற்று. கம்பெனியாரும் தங்கள் வருவாய்க் கணக்குகளில் இதே சொல்லைக் கையாண்டனர். 1639இல் சென்னைப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள நாயக்கரிடம் பெற்ற அனுமதியையும் கவுல் என்றே குறித்தனர். வாயால் சொன்ன வாக்கைக் குறித்த சொல், காலப்போக்கில் எழுதிய தாளின் பெயராகிவிட்டது.

1798: ஊராரின் முறையீடு

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1794 முதல் அங்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்த இராமனைக் கண்டதாக ஏரிகாத்த இராமர் கோயில் மரபில் சொல்லப்படும் கலெக்டர் துரையும் இவரே. அது பக்திக் கதை. ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் அக்கறை காட்டினார் என்பது வரலாறு.

அக்காலத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். அதன் விளைவாகவே 1798இல் கவுல் கிடைத்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் ஆளும் கம்பெனியின் ஆட்கள். முறையிட்டவர்களோ அக்கம்பெனிக்கு நிலவரி செலுத்தும் குடிகள். அந்த நிலையிலும் வாய்ச்சொல்லோடு திரும்பாமல் எழுத்தாகப் பெற்றுக்கொண்டதுதான் குறிப்பிடத்தக்கது.

1858: புதுப்பித்தல்

அறுபது ஆண்டுகள் கழித்து, 1858இல், ஊரார் மீண்டும் கேட்டுக் கவுலைப் புதுப்பித்துக்கொண்டனர். அதே ஆண்டில்தான் கம்பெனி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்தது. வாக்குக் கொடுத்தவரே ஆட்சியை விட்டுப் போனால் அந்த வாக்கு என்ன ஆகும்?

இதற்கு 1858ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்திலேயே விடை இருந்தது. கம்பெனி செய்த ஒப்பந்தங்களும் ஏற்ற பொறுப்புகளும் அழியாமல், இந்தியாவுக்கான அமைச்சர் மீது வழக்கிட்டு நிறைவேற்றிக்கொள்ளத்தக்கவையாகத் தொடரும் என்று அச்சட்டத்தின் 67ஆம் பிரிவு கூறியது. தனி மனிதர்களுக்கும் இதே போன்ற விதி உண்டு. வாக்களித்தவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளைக் கட்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. ஊரார் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஆயினும் தாளைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது என்பதை அறிந்திருந்தனர்.

கவுல் ஓர் ஒப்பந்தமா?

1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எல்லா உடன்பாடுகளும் ஒப்பந்தம் ஆகா. தகுதியுடைய இருவர் தடையற்ற மனத்துடன் ஒப்ப வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மறுபயனும் வேண்டும். மறுபயன் என்பது வாக்குக்கு ஈடாக மறுபக்கத்திலிருந்து வருவது. ஒன்றும் பெறாமல் 'தருகிறேன்' என்று மட்டும் சொன்னால், 25ஆம் பிரிவில் சொல்லப்பட்ட விலக்குகள் நீங்கலாக, அது செல்லாது.

கவுலுக்கு ஈடாக ஊரார் என்ன கொடுத்தனர்? பணம் ஏதும் கொடுத்ததாகச் செய்தி இல்லை. பறவை இருந்தால் விளைச்சல் கூடும், விளைச்சல் இருந்தால் வரி ஒழுங்காக வரும் என்று வாதிடலாம். ஆனால் வரி கட்டுவது ஏற்கெனவே அவர்கள் கடமை. செய்தே தீர வேண்டிய கடமையை மறுபயனாகக் காட்ட முடியாது. எனவே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் கவுலை ஒப்பந்தம் என்று நிறுவுவது கடினம். ஏற்கெனவே இருந்த வழக்காற்று உரிமையை அரசு ஏற்றுக்கொண்டதற்கான சான்று என்று சொல்வதே பொருத்தம்.

மறுபயன் இல்லாவிட்டாலும் அரசின் வாக்கு அரசைக் கட்டக்கூடும் என்பதை உச்ச நீதிமன்றம் பிற்காலத்தில் ஏற்றது. புதிய தொழிற்சாலைக்கு மூன்றாண்டு விற்பனை வரி விலக்கு என்று உத்தரப் பிரதேச அரசு சொன்ன வாக்கை நம்பி ஒரு நிறுவனம் ஆலை அமைத்தது. பிறகு அரசு பின்வாங்கியது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் (1979), தன் வாக்கை நம்பி ஒருவர் செயல்பட்ட பின் அரசு அதை மறுத்துப் பேச முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றுவதை மட்டும் இந்த விதி தடுக்காது.

எழுத்து தேவையா?

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சந்தையில் காய் வாங்குவதும் ஆட்டோவில் ஏறுவதும் ஒப்பந்தங்களே. பொதுவாக எழுத்து கட்டாயமில்லை. சில இனங்களுக்கு மட்டும் சட்டம் அதைக் கேட்கிறது:

1. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும்.
2. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டும்.
3. காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் வாக்கு எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும்.
4. அரசுடன் செய்யும் ஒப்பந்தம், அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்ற அலுவலரால் நிறைவேற்றப்பட வேண்டும்.

நான்காவது விதியின்படி, இன்று ஒரு கலெக்டர் தம் விருப்பப்படி எழுதித் தரும் தாள் அரசைக் கட்டும் ஒப்பந்தம் ஆகாது.

எழுத்து இல்லாமலே வாக்கு நிலைத்த இடமும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளாமல் இருக்க ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதற்குப் பத்திரம் ஏதும் இல்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஊர்க்கட்டுப்பாடு போதும். வெளியிலிருந்து வருபவரிடம் காட்டத்தான் தாள் தேவைப்படுகிறது.

மூன்றாம் நபர்

மறுபயனை வாக்குப் பெறுபவரே தர வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்டம். இந்தியச் சட்டம், வேறு ஒருவர் தந்தாலும் போதும் என்கிறது. இதை விளக்கிய புகழ்பெற்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. சின்னய்யா எதிர் ராமய்யா (1882) வழக்கில், ஒரு மூதாட்டி தம் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதி, தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்று பணித்தார். மகளும் அவ்வாறே தருவதாக அவருக்கு எழுதிக் கொடுத்தார், பிறகு தரவில்லை. சொத்தைத் தந்தவர் மூதாட்டியே என்றாலும், வாக்கைப் பெற்ற உடன்பிறந்தவர் வழக்கிடலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தத்தில் சேராத ஒருவர் அதைக் கொண்டு வழக்கிட முடியாது என்பதே இந்தியாவிலும் பொது விதி. அறக்கட்டளைப் பயனாளி, குடும்ப ஏற்பாட்டில் பயன் பெறுபவர் முதலியோர் விலக்கு. இங்கிலாந்து 1999இலும் சிங்கப்பூர் 2001இலும் தனிச் சட்டம் இயற்றி மூன்றாம் நபருக்கு உரிமை தந்தன.

கவுலில் உண்மையான மூன்றாம் நபர் இருவர். ஒருவர் பயன் பெறும் பறவை. அது வழக்கிட முடியாது. மற்றவர் துப்பாக்கியோடு வரும் அயலார். இருவர் பேசிக்கொண்ட ஒப்பந்தம், அதில் சேராத மூன்றாமவர் மேல் கடமையைச் சுமத்தாது. கலெக்டர் ஆளும் அதிகாரியாகவும் இருந்ததால்தான் அவர் வாக்கு அயலாரையும் தடுத்தது. எல்லாரையும் கட்ட வேண்டுமானால் ஒப்பந்தம் போதாது, சட்டம் வேண்டும்.

சட்டமாக மாறிய வாக்கு

அந்தச் சட்டம் படிப்படியாக வந்தது. 1936இல் ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1972இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. 1998இல், கவுல் கிடைத்து இருநூறு ஆண்டுகள் ஆன வேளையில், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது.

சட்டமும் மாற்றத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2020இல் சரணாலயத்தின் சுற்றளவைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் 1798க்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஒரு கலெக்டர் கொடுத்ததை அடுத்த கலெக்டர் எடுத்துவிட்டிருக்கலாம். இன்று சரணாலய எல்லையை மாற்றத் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் பரிந்துரை வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது.

மதிப்பீடு

இன்றைய சட்டத் தேர்வில் வேடந்தாங்கல் கவுலை எழுதினால் அது ஒப்பந்தமாகத் தேறுவது அரிது. மறுபயன் ஐயத்துக்குரியது, வடிவம் 299ஆம் உறுப்புக்குப் பொருந்தாது, மூன்றாம் நபரைக் கட்டாது. இருந்தும் அந்த வாக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது. வாக்கைப் பெற்றவர்கள் 1798இல் எழுதி வாங்கினார்கள், 1858இல் புதுப்பித்தார்கள், நடுவில் ஏரியையும் தாங்களே காவல் காத்தார்கள். உரிமையைக் கேட்பதற்கு ஆள் இருக்கும் வரைதான் எழுதிய தாளுக்கும் சட்டத்துக்கும் வலு உண்டு.