கெய்ரோவில் தைத்த பிள்ளைச் சட்டை

பதுளைப் பக்கத் தோட்டங்களில் மாச்சாக்கைப் பிரித்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்த தலைமுறை இன்னும் லயங்களில் இருக்கிறது. சாக்கின் அகலத்துக்குத்தான் சட்டை. ஒரு விரற்கடைத் துணியும் வீணாகக்கூடாது. இதே கணக்கில் தைத்த பிள்ளைச் சட்டைகள் எகிப்தில் பல நூறு வருசமாக மண்ணுக்குள் கிடந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன.

1250 முதல் 1517 வரை கெய்ரோவை ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். நம் தீவுக்கு அவர்கள் தெரியாதவர்களல்லர். 1283இல் முதலாம் புவனேகபாகு மன்னன் சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பியிருக்கிறான். குஜராத்தின் அச்சுப் பருத்தித் துணிகளும் அந்தக் காலத்தில் கப்பலேறி எகிப்துக்குப் போயின. ஆனால் ஊர்த்துணி லினன்தான். ஆளிச் செடியின் தண்டை ஊறவைத்து, நார் பிரித்து, நூற்று நெய்தது.

சட்டை பிறப்பது தறியிலேயே. நீளத் துணி ஒன்றை இரண்டாக மடித்தால் முன்னும் பின்னும் ஆயிற்று. தோளில் தையலே வேண்டாம். மடிப்பின் நடுவில் தலை நுழைய ஒரு வெட்டு. கைகள் இரண்டும் நேரான துண்டுகள். பிள்ளை ஓடியாட வீச்சு வேண்டுமே, அதற்கு ஒரு நீள்சதுரத்தைக் குறுக்குக் கோணத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். பக்கத்துக்கு ஒன்றாக அவற்றைப் பொருத்திவிடலாம். சிலவற்றில் அக்குளிலும் ஒரு சிறு சதுரத்துண்டு உண்டு; கை தூக்கினால் கிழியாமல் இருக்க. இவ்வளவுக்கும் வளைவான வெட்டு கழுத்தில் மட்டுந்தான்.

என்னைக் கட்டிப்போடுவது பூவேலைதான். லினனில் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கோலத்துக்குப் புள்ளி போல அவை உதவுகின்றன. எண்ணிய இழைகளின் மேல் பட்டுநூலை ஏற்றி இறக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டிக்கொண்டு போவார்கள். முடிவில் திரும்பி, விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள். துணியின் இரு புறமும் ஒரே படம்! நீலம், கறுப்பு, பழுப்பு நூல்களில் படிக்கோடுகளும் வைரக் கட்டங்களும். 16ஆம் நூற்றாண்டில் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில் இந்த வேலை தெரிவதால் ஐரோப்பாவில் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அவர் பிறப்பதற்கு முன்பே எகிப்தில் அது கைவந்த வேலை. தையல் பழகிய துணிகள்கூடக் கிடைத்திருக்கின்றன. ஒரே துணியில் பல மாதிரிகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வறண்ட மண் இவற்றைக் காத்தது. கெய்ரோவில் விலைக்கு வந்த துண்டுகளை எகிப்தியல் அறிஞர் பெர்சி நியூபெரியும் அவர் மனைவி எஸ்ஸியும் சேர்த்தார்கள். இன்று அவை ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தப் பூவேலைகளைப் பற்றி மரியன் எல்லிஸ் 2001இல் தனி நூலே எழுதினார்.

எங்கள் மலைகளில் மழையும் ஈரமும் துணியை விட்டுவைப்பதில்லை. அண்ணன் போட்டதைத் தம்பி போட்டு, அது கிழிந்தபின் கைப்பிடித் துணியாகி, அடுப்படியிலேயே முடிந்துவிடும். மாச்சாக்குச் சட்டையோ, அம்மாயி கையால் தைத்த பிள்ளைச் சட்டையோ உங்கள் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். யார், எந்தத் தோட்டத்தில், எந்தப் பிள்ளைக்குத் தைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றில், தேயிலைத் தொழிலாளருக்கான நூதனசாலை இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.