பெயர் வெட்டின பானை

எங்க வத்திராயிருப்புல அண்டா நசுங்கினா எடைக்குப் போட்டுடுவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல அப்படியில்ல. ஸ்வீடன் எனாமல் தூக்கு, பர்மா தேக்குத் தூண் எல்லாம் விலைக்கு நிக்குது. பர்மாவுல வட்டித்தொழில் நடத்தின நகரத்தார் வீட்டுச் சாமான்கள். 1942-ல ஜப்பான் படை அங்க நுழைஞ்சது. 1948-ல நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. வரவு நின்னுபோன வீடுகள் பல பங்காளிகளுக்குள்ள பிரிஞ்சு, தூண் முதற்கொண்டு கடைக்கு வந்தாச்சு.

எனாமல் சில்லு பேர்ந்திருந்தா சமையலுக்கு எடுக்காதீங்க. வெண்கலத்தைத் தட்டினா கணீர்னு கேக்கணும். விரிசல்னா ஓசை அமுங்கிடும். நான் பொங்கலுக்குன்னு ஒரு வெண்கலப் பானை வாங்கினேன். கழுத்துல யாரோ ஒரு ஆச்சியோட பேர் வெட்டியிருக்கு. கல்யாணச் சீரா வந்ததா இருக்கும். அதை ராவிட்டு எங்க பேரை வெட்டச் சொல்றாங்க வீட்ல. நான் இன்னும் சரின்னு சொல்லல.