இருக்கைப் பட்டி

இருக்கைப் பட்டி அல்லது சீட் பெல்ட் என்பது, மோதலின்போது பயணிகள் முன்னோக்கி வீசப்படாமல் தடுக்கும் பாதுகாப்புப் பட்டி ஆகும். இன்று பரவலாக உள்ள மும்முனைப் பட்டியை 1959இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்சு போலின் உருவாக்கினார். மோதலின் விசையை இப்பட்டி இடுப்பெலும்பு, மார்பு, தோள் ஆகியவற்றில் பகிர்ந்தளிக்கிறது.

சட்டம்

1970இல் ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பட்டி அணியாமல் ஓட்டினாலும் பட்டி அணியாத பயணிகளை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும். 14 வயது நிறையாத குழந்தையைப் பட்டியாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் அழைத்துச் சென்றாலும் அதே தண்டம் உண்டு.

குழந்தைகளுக்கான ஆபத்து

குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பாகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிற்றுந்து மோதி 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடைக்கு ஈடான விசை தேவை. எவருடைய கைகளாலும் இதைத் தாங்க இயலாது.

பெரியவர்களுக்கான பட்டி சிறு குழந்தைகளின் கழுத்திலும் வயிற்றிலும் அழுந்திக் காயப்படுத்தக்கூடும். ஆகவே அவர்களின் உடலளவுக்கேற்ற குழந்தை இருக்கை தேவைப்படுகிறது. கைக்குழந்தைகளின் கழுத்து வலுவற்றது என்பதால், அவர்களுக்கான இருக்கை வண்டியின் பின்புறத்தை நோக்கிப் பொருத்தப்படுகிறது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் இதைப் பொருத்தக் கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.