கணுக்கால் பூட்ஸ்: செட்டிநாட்டுச் சூழலில் தேர்வும் அணிமுறையும்

கணுக்கால் பூட்ஸ் என்பது கணுக்கால் எலும்பை மூடி, அதற்குச் சற்று மேலே முடியும் தோல் காலணி. ஆண்கள் அணியும் வகைகளில் மூன்று நெடுநாள் மதிப்புடையவை: இருபுறமும் எலாஸ்டிக் பட்டை வைத்த செல்சீ, இரண்டு மூன்று ஜோடித் துளைகளில் லேஸ் கட்டும் சக்கா, வாரும் பக்கிளும் கொண்ட ஜோத்பூர். செட்டிநாட்டின் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியில் செருப்பே அன்றாடக் காலணி. பூட்ஸ் வரவேற்பு நிகழ்ச்சிக்கும் வெளியூர் வேலைக்கும் பைக் பயணத்துக்கும் உரியது. வீட்டு முகப்பில் காலணியைக் கழற்றிவிட்டு, வளவு எனப்படும் உள்முற்றத்துக்குள் நுழையும் ஊரில், எவ்வளவு எளிதாகக் கழற்றலாம் என்பதே பூட்ஸுக்கான முதல் தகுதி.

வரலாறு

செல்சீ லண்டனில் பிறந்தது. விக்டோரியா அரசிக்குக் காலணி செய்த ஸ்பார்க்ஸ் ஹால் எலாஸ்டிக் வைத்த இந்த வடிவத்துக்கு 1851-இல் காப்புரிமை பெற்றார். சக்கா வகையில் பெயர்பெற்ற டெசர்ட் பூட் பர்மாவோடு தொடர்புடையது. பிரிட்டிஷ் ராணுவப் பணியில் 1941-இல் அங்கே அனுப்பப்பட்ட நேதன் கிளார்க், கெய்ரோ கடைத்தெருவில் செய்த ஸ்வேட் பூட்ஸைச் சக அதிகாரிகளின் கால்களில் கண்டார். கிரேப் ரப்பர் அடி போட்ட அந்த வடிவத்தைக் கிளார்க்ஸ் நிறுவனம் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிளார்க் போய்ச் சேர்ந்தது, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்த பர்மா. அவர் போன அடுத்த ஆண்டே ஜப்பானியப் படையெடுப்பால் நகரத்தாரில் பலர் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது.

தோலின் கதை இன்னும் அருகில் நடந்தது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு மேல்தோலாக வாங்கப்பட்டது. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில், பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பால் பதனிடுவதைச் சோதித்தார். குரோம்பேட்டை அங்கே இருந்த குரோம் தோல் நிறுவனத்தால் பெயர் பெற்றது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. இன்று வெளிநாட்டுப் பிராண்டுகளின் பூட்ஸ் பலவும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தைக்கப்படுகின்றன. அந்தப் பெருமைக்குப் பாலாறு விலை கொடுத்தது. தோல் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்று.

காலணி இந்த மண்ணில் உரிமைப் பிரச்சினையாகவும் இருந்தது. செட்டிநாட்டின் பெரும்பகுதியை உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்பகுதியில் காலணி பற்றி எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதுவது முறையல்ல.

தேர்ந்தெடுத்தல்

மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். ரெக்ஸின் மொத்தமாகக் குழிந்து எழும்பும். உள்ளே லைனிங்கும் தோலாக இருப்பது அவசியம். துணியும் பிளாஸ்டிக்கும் கலந்த லைனிங், சித்திரை வெயிலில் வியர்வையை வெளியே விடாது. கால் மாலையில் சற்று வீங்கும் என்பதால் மாலையில் அளவு பார்ப்பதே சரி. அணியப்போகும் அதே சாக்ஸோடு போட்டு நடக்க வேண்டும். குதிகால் சிறிது எழும்பலாம், விரல் நுனி முட்டக் கூடாது.

அடிப்பாகமே பலர் ஏமாறும் இடம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து, பூட்டிய வீட்டின் பீரோவில் சில ஆண்டுகள் வைத்த பூட்ஸ், கல்யாணத்துக்கு எடுத்துப் போட்ட அன்றே அடி பொடிப்பொடியாக உதிர்வதுண்டு. பாலியூரித்தேன் அடி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதைவதே காரணம். புழக்கமில்லாமல் கிடப்பதால் அது தப்பிப்பதில்லை. ரப்பர் அடி இந்த வகையில் உதிராது. அதிலும் வெல்ட் எனும் இணைப்புப் பட்டை வைத்துத் தைத்த அடி தேய்ந்தால் பிரித்து மாற்றலாம். பசையால் மட்டும் ஒட்டியதற்கு ஆயுள் குறைவு. டெசர்ட் பூட்டின் கிரேப் அடி நடக்க மெத்தென்றிருக்கும். ஆனால் வெயிலில் இளகும், செம்மண்ணைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் கறுக்கும்.

அணிதல்

வேட்டிக்கு பூட்ஸ் பொருந்தாது. அதற்குத் தோல் செருப்பே அழகு. பேன்ட்டின் கீழ்விளிம்பு பூட்ஸின் மேல்வாயை லேசாகத் தொட்டு நின்றால் போதும், துணி அடுக்கடுக்காக மடிந்து கிடக்கக் கூடாது. கறுப்புச் செல்சீ கோட்டு சூட்டுக்கும், பழுப்புச் சக்கா ஜீன்ஸுக்கும் பருத்தி பேன்ட்டுக்கும் உரியவை. பெல்ட்டின் நிறம் பூட்ஸுக்கு நெருங்கியிருக்கட்டும். கறுப்பில் செம்மண் தூசி உடனே தெரியும், பழுப்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்வேட் வாங்கினால் பிரஷ்ஷும் சேர்த்து வாங்க வேண்டும். பருத்தி சாக்ஸ் நல்லது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்ஸோடு நடந்தால் வழுக்கும் என்பதால் அதையும் கழற்றி பூட்ஸுக்குள் வைப்பதே பாதுகாப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பூட்ஸை வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிட்டு, பிறகு பாலிஷ் போட வேண்டும். ஒருநாள் அணிந்ததை மறுநாள் ஓய்வாக விட்டால் வியர்வை ஈரம் வற்றும், பூஞ்சை பிடிக்காது.

ஒரே ஒரு ஜோடி வாங்குபவர் அடர்பழுப்புத் தோலில், ரப்பர் அடி தைத்த செல்சீயை வாங்கலாம். குனியாமல் கழற்றலாம், தூசி தெரியாது, அடியை மாற்றலாம். செட்டிநாட்டு வெயிலுக்கும் வாசலுக்கும் சக்கா இரண்டாம் தேர்வு. பக்கிளை அவிழ்த்துப் பூட்டும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே ஜோத்பூர்.