சோளமும் ஜொன்னயும்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மக்காச்சோளத்தைத் தெலுங்கர் 'மொக்கஜொன்ன' என்பர். தெலுங்கில் 'மொக்க' செடியையும் குறிப்பதால், பெயர் செடியினின்று பிறந்தது போலத் தோன்றும். கன்னட 'மெக்கெஜோள', இந்தி 'மக்கா' ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அவ்விளக்கம் ஐயத்துக்குரியதாகிறது. மக்கா நகரோடு இணைத்துக் கூறுவாரும் உளர். இத்தாலியர் இதனைத் 'துருக்கித் தானியம்' என அழைத்ததும் இத்தகையதே. பயிரோ அமெரிக்காவினது, 1492க்குப் பின்னரே கடல் கடந்தது.

எனவே அதற்கு முற்பட்ட ஆவணங்களில் வரும் சோளமும் ஜொன்னயும் மக்காச்சோளம் ஆகா. இன்று நகர்ப்புறத் தமிழில் 'சோளம்' என்றாலே மக்காச்சோளம் எனக் கொள்வது பெருகிவருதலின், மொழிபெயர்ப்பாளர் தவறுதல் எளிது. அத்தவறு பயிரின் வரலாற்றையே பொய்யாக்கிவிடும்.

இதன் வன்மணி வகையை ஆங்கிலத்தார் 'பிளின்ட்' என்பர். 1899இல் வெளியான ஸ்டர்ட்டெவன்ட்டின் வகைப்பாட்டில் இதன் பெயர் 'இண்டுரேட்டா'. மென்மாவைக் கண்ணாடி போன்ற கடினப் பகுதி சூழ்ந்திருப்பதால் சேமிப்பில் பூச்சி எளிதில் துளைப்பதில்லை. ரவையாக உடைக்கவும் ஏற்றது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சக்கிமுக்கிச் சோளம்' ஆகும். (சக்கிமுக்கியும், தெலுங்கின் 'செகுமுகி'யும் துருக்கியச் 'சக்மக்' வழி வந்தவையே.) 'கெட்டிமணி மக்காச்சோளம்' என்பதே பொருள் விளங்க நிற்கும்.

இதற்கு நெருங்கிய இனமே பொரிக்குரியது. அங்கும் சிக்கல் உண்டு: ஜொன்னயைப் பொரித்த 'ஜொன்ன பேலாலு'வும் தமிழில் சோளப்பொரியே; திரையரங்கில் விற்பதும் சோளப்பொரியே.