கஃபீனை எதால எடுத்தவை?

யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி குடியாத வீடு அரிது. ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துவராது. இரவில் நித்திரை வராதவர்கள், நெஞ்சு படபடக்கிறவர்கள், கர்ப்பிணிகள் எண்டு ஒரு கூட்டம் “தேத்தண்ணியைக் குறையுங்கோ” எண்ட சொல்லைக் கேட்டபடிதான் இருக்கிறது. அவர்களை நம்பித்தான் ‘கஃபீன் நீக்கியது’ எண்ட பெட்டிகள் உலகச் சந்தையில் விலைப்படுகின்றன. நீக்கியது எண்டு பெட்டியில் பெரிசா இருக்கும். எதால நீக்கினது எண்டு பெரும்பாலும் இருக்காது. நாங்கள் இங்கே பார்க்கப்போவது அந்த இரண்டாவது விஷயத்தின் வரலாற்றை.

1819 இல் ஜேர்மன் கவிஞர் கேத்தே, இளம் இரசாயனவியலாளரான பிரீட்லீப் ரூங்கவிடம் கொஞ்சம் கோப்பிக்கொட்டையைக் கொடுத்துப் பகுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்து ரூங்க பிரித்தெடுத்ததுதான் கஃபீன். 1827 இல் தேயிலையிலும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதற்குத் ‘தேயீன்’ எண்டு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் எண்டு 1838 இல் தெரியவந்தது.

அதைப் பெரிய அளவில் வெளியே எடுத்தவர் பிரேமன் நகர வியாபாரி லூட்விக் ரோசலியுஸ். 1906 இல் அவர் தொடங்கிய ‘காஃபே ஹாக்’ நிறுவனம், பச்சைக் கொட்டையை நீராவியில் ஊதவைத்து, பிறகு பென்சீனால் கழுவியது. உயர்தரத்தில் பங்கீட்டுக் குணகம் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை விளங்கும். தண்ணியோடு கலவாத ஒரு சேதனக் கரைப்பானைப் பக்கத்தில் வைத்தால், கஃபீன் தண்ணியை விட்டிட்டு அதுக்குள்ள போய்விடும். பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிட வேண்டியதுதான். எடுத்த கஃபீனும் வீண்போகாது, மருந்துக்கும் சோடாவுக்கும் விற்கலாம்.

பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்கும், இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். இது பிறகுதான் தெரியவந்தது எண்டு நினைக்கவேண்டாம். ரோசலியுஸின் கம்பனி தொடங்குவதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே, 1897 இல், சுவீடனில் பைசிக்கிள் ரயர் செய்யும் தொழிற்சாலையில் வேலைசெய்த இளம்பெண்களுக்கு இரத்தம் உற்பத்தியாகாமல் போன கதையை சன்டெசொன் எண்ட மருத்துவர் எழுதிவைத்திருந்தார். கரைப்பானின் கெடுதியை முதலில் அறிந்தது கோப்பி குடித்தவர்கள் இல்லை. அதோடு வேலைசெய்த பிள்ளைகள்.

பென்சீன் போக, ட்ரைகுளோரோஎதிலீன் வந்தது. 1970களின் நடுவில், அது எலிகளுக்கு ஈரல் புற்றுநோயைத் தருவதாக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொன்ன கையோடு உற்பத்தியாளர்கள் டைகுளோரோமெதேனுக்கு மாறினார்கள். பழங்களிலும் இருக்கிறது எண்ட காரணத்தால் ‘இயற்கை முறை’ எண்ட பெயரோடு எதைல் அசற்றேற்றும் பாவிக்கப்படுகிறது. பழத்தில் இருப்பது உண்மை, ஆனால் கரைப்பானாக வருவது அநேகமாகத் தொழிற்சாலையில் செய்ததுதான். 1960களில் ஜேர்மனியின் குர்ட் சோசல் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார். காபனீரொட்சைட்டை 31 பாகை செல்சியசுக்கும் 73 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே கொண்டுபோனால், அது வாயுவுமில்லாமல் திரவமுமில்லாமல் ஒரு நிலைக்கு வந்து கஃபீனைக் கரைத்தெடுக்கும். அமுக்கத்தைக் குறைத்தால் தன்பாட்டில் வாயுவாகப் பறந்துவிடும். ஆனால் அந்த அமுக்கத்தைத் தாங்கும் பாத்திரங்களுக்குக் காசு வேணும்.

இப்ப சட்டம் என்ன சொல்லுது? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ வறுத்த கோப்பியில் 2 மில்லிகிராம், தேயிலையில் 5 மில்லிகிராம் டைகுளோரோமெதேன் மிஞ்சலாம். அது 40 பாகையிலேயே கொதித்துப் போய்விடுவதால் கோப்பையில் மிஞ்சுவது சொற்பம்தான். குடிக்கிறவர்கள் பயப்படத் தேவையில்லை எண்டு சொல்லுறவர்களிடம் நியாயம் இருக்கு. ஆனால் அந்த எண்கள் குடிக்கிறவரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2024 இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் டைகுளோரோமெதேனின் பெரும்பாலான பாவனைகளைத் தடைசெய்தது. பழைய பெயின்ற் உரிக்கிற வேலையில் அதன் ஆவியைச் சுவாசித்துச் செத்த தொழிலாளர்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம். உணவுப் பாவனை வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால் அந்தத் தடைக்குள் வரவில்லை.

“எவ்வளவு மிஞ்சினால் பரவாயில்லை, அதை ஆர் தீர்மானிக்கிறது?” எண்ட கேள்வி எங்கட மண்ணுக்குப் புதிசில்லை. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் நிக்கிற தண்ணிதான் எங்களுக்கு உயிர். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, தண்ணி குடிக்கலாமோ கூடாதோ எண்டு அறிக்கைகளும் ஆட்களும் முரண்பட்டார்கள். 2019 இல் உச்ச நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கிணத்தடியில் வாளியைத் தூக்கி மணந்து பார்த்த சனம் கேட்கத் தொடங்கியதாலதான் விஷயம் அதுமட்டும் போனது.

கேட்கிறதுக்குச் சொற்கள் வேணும். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். ‘கெமிஸ்தம்’ எண்ட இரசாயனநூல் 1875 இல் தமிழில் வந்தது. 150 வருஷத்துக்குப் பிறகு, ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்து “எந்தக் கரைப்பான்?” எண்டு கேட்க எங்களுக்குச் சொல்லுப் பஞ்சம் இல்லை.

கஃபீன் வேண்டாமெண்டால் வேறு வழியும் வீட்டிலேயே இருக்கு. மல்லியை வறுத்து இடிச்சு, சுக்கும் போட்டு, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிக்கிற மல்லிக்கோப்பி. பெயர்தான் கோப்பி. அதில எடுக்கிறதுக்குக் கஃபீனும் இல்லை, அதை எடுக்கப் போய் நோயாளியாகிற தொழிலாளியும் இல்லை.