சீனியாரிட்டி லிஸ்ட்டும் விமானப் பணிப்பெண்களும் – ஒரு பழைய வழக்கின் கதை



என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது ஒரு தனியார் விமானத்தில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில், "டீச்சர், எங்க வேலையிலயும் சீனியாரிட்டிதான் எல்லாம். உங்க காலத்துல பிளாக் சீனியாரிட்டின்னு புலம்புவீங்களே, அதே கதைதான்" என்றாள். அதைக் கேட்டதும் சில பழைய தீர்ப்புகளை எடுத்துப் படித்தேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

விமானத்துக்குள் பணிமூப்பு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமான நிறுவனங்களில் சேர்ந்த தேதியை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எந்த ஊருக்குப் பறப்பது, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா (அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்), ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்குப் போவது, எல்லாம் அந்த எண்தான் முடிவு செய்யும். மேலதிகாரிக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பில் வாத்தியார் வேலைக்கு வந்த என் தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆனால் ஏர் இந்தியாவில் ரொம்ப காலம் ஒரே விமானத்துக்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஆண்கள் 'அசிஸ்டென்ட் ஃபிளைட் பர்சர்' என்று சேருவார்கள், பெண்கள் 'ஏர் ஹோஸ்டஸ்' என்று சேருவார்கள். பயணிக்குச் சாப்பாடு கொடுப்பது, பெல்ட் போடச் சொல்வது, ஆபத்து வந்தால் கதவைத் திறந்து வெளியேற்றுவது எல்லாம் இருவரும் பார்த்த வேலைதான். ஆணுக்கு ஓய்வு 58 வயதில். பெண்ணுக்கு 35. சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும். முதல் முறை கர்ப்பமானாலும் போய்விடும். 35-க்கு மேல் 45 வரை நீட்டிப்பு உண்டு, ஆனால் அது நிர்வாக இயக்குநரின் விருப்பம். 58 வரை ஓடும் பட்டியலில் ஏறியவரும் 35-இல் முடியும் பட்டியலில் ஏறியவரும் எப்படிச் சமமாகப் பதவி உயர்வு பார்க்க முடியும்?

இதை எதிர்த்து நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண்ணும் அவருடைய தோழிகளும் நீதிமன்றம் போனார்கள். 1981 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபசல் அலி. அந்த மூவர் அமர்வில் நம் தமிழ்நாட்டு நீதிபதி அ. வரதராஜனும் இருந்தார். பட்டியல் சாதியிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் நீதிபதி அவர்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கர்ப்பமானால் வேலை நீக்கம் என்ற விதியை நீதிமன்றம் கடுமையாகச் சாடி ரத்து செய்தது. இந்தியப் பெண்மைக்கே இது அவமதிப்பு என்ற பொருளில் எழுதியது. நீட்டிப்பை இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்ட விதியும் போயிற்று. இதுவரைக்கும் நமக்குச் சந்தோஷம். ஆனால் நான்கு ஆண்டுக் கல்யாணத் தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெண்ணுக்குப் பக்குவம் வரும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது, பயிற்சிக்குச் செலவழித்த நிறுவனத்துக்கும் நஷ்டமில்லை என்று காரணம் சொன்னார்கள். மூன்றாவது குழந்தை என்று வந்தால் வேலை நீக்கம் என்று மாற்றினால் தவறில்லை என்றும் சொன்னார்கள்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறு ஒன்று. ஆணும் பெண்ணும் தனித்தனி பிரிவு, சேரும் தகுதி வேறு, பதவி உயர்வுப் பாதை வேறு, ஆகவே ஒப்பிடவே முடியாது, பாகுபாடு என்ற கேள்வியே எழாது என்றது தீர்ப்பு. அந்தப் பிரிவுகளை அப்படிப் பிரித்து வைத்தது யார்? நிர்வாகம்தானே! பிரித்து வைத்தவரிடமே, பிரிந்துதானே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இந்த இடத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்டிருக்கும்.

இதன் விளைவு விமானத்துக்குள் தெரிந்தது. 'இன்ஃபிளைட் சூப்பர்வைசர்' என்ற மேற்பார்வைப் பொறுப்பு ஆண்களுக்கு மட்டும். இருபது வருஷம் பறந்த பெண்ணாக இருந்தாலும், அவருக்குப் பின்னால் சேர்ந்த ஆண்தான் அவரை மேற்பார்வை செய்வார். 2005 டிசம்பரில்தான் ஏர் இந்தியா பெண்களும் அந்தப் பொறுப்பைப் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டது. ஆண் ஊழியர்கள் உடனே வழக்குப் போட்டார்கள். 1997-க்கு முன் சேர்ந்த எங்களுக்கு இது வாக்களிக்கப்பட்ட இடம், எங்கள் வாய்ப்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். 2007-இல் டில்லி உயர் நீதிமன்றமும், 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. நர்கேஷ் மிர்சா வழக்குத் தீர்ப்பிலிருந்து எண்ணினால் முப்பது வருஷம். அன்று வேலையில் இருந்த எத்தனை பேர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்!

நடுவில் 2003-இல் இன்னொரு வழக்கு. பெண்கள் 50 வயதில் பறப்பதை நிறுத்திவிட்டு, விரும்பினால் 58 வரை தரைப்பணி பார்க்கலாம் என்ற ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் பெண்களே இரண்டு அணியாக நின்றார்கள். பதவி உயர்வு பெற்றிருந்த மூத்தவர்கள் ஆண்களைப் போல 58 வரை பறக்க வேண்டும் என்றார்கள். பெரும்பான்மைப் பணிப்பெண்களின் சங்கமோ 50-இல் இறங்குவதே நல்லது என்றது. 'பெண்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி அமெரிக்கா. கரோலின் எவன்ஸ் என்பவர் யுனைடெட் ஏர்லைன்ஸில் 1966-இல் சேர்ந்தார். 1968-இல் கல்யாணம் ஆனதால் வேலையை விடவேண்டி வந்தது. அந்தக் கல்யாண விதி செல்லாது என்று பின்னால் வேறொரு வழக்கில் முடிவானது. 1972-இல் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புது ஆளாக. இடையில் சேர்ந்தவர்கள் எல்லாம் அவருக்கு சீனியர் ஆகிவிட்டார்கள். அந்த அம்மாள் வழக்குப் போட்டார். 1977-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், வேலையை விட்ட 90 நாளுக்குள் புகார் கொடுக்காமல் விட்டீர்களே என்று தள்ளிவிட்டது. பட்டியல் இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே நடக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

ஐந்தே வருஷத்தில் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் தாயான பணிப்பெண்களை நீக்கி வந்தது. தகப்பனான ஆண்களுக்கு ஒன்றுமில்லை. 1982 பிப்ரவரியில், நீக்கப்பட்ட பெண்களுக்குப் பழைய பணிமூப்பையே திருப்பிக் கொடுக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்த்து நின்றது யார் தெரியுமா? தொழிற்சங்கம்! இவர்கள் நடுவில் வந்து நுழைந்தால் இப்போது இருப்பவர்கள் கீழே இறங்க வேண்டுமே என்றது. அந்தச் சங்கத்தை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. அவர்கள் உறுப்பினர்கள் யாரையும் நீக்கவில்லை, ஒழுங்காக வேலை பார்த்து வரிசையில் நின்றவர்கள். நிர்வாகம் செய்த தப்புக்கு யாரோ ஒருவர் ஒரு படி இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதுதான் இதில் கசப்பான பகுதி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்றியம்தான் அலகு என்று இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சங்ககிரியில் பத்து வருஷம் வேலை பார்த்த பெண், எலச்சிபாளையம் பக்கம் கல்யாணமாகி மாறுதல் வாங்கினால், அங்கே பட்டியலில் கடைசி ஆள். தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கு முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். நானும் அப்படி ஒரு மாறுதல் வாங்கியவள்தான். என்னைவிட ஆறு வருஷம் பின்னால் வேலைக்கு வந்த தம்பி எனக்குத் தலைமையாசிரியராக வந்தார். தங்கமான மனுஷர், அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. விதியில் ஆண், பெண் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் கல்யாணத்துக்காக ஊர் மாறுவது நம் பக்கம் யார்?

2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து ஒன்றிய முன்னுரிமையை மாநில முன்னுரிமையாக மாற்றியது. ஊர் மாறியவர்களுக்கு இழந்த வருஷங்கள் கணக்கில் வந்தன. ஆனால் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களிலும் பெண் ஆசிரியர்கள் நிறையப் பேர். பதவி உயர்வு என்று போனால் எங்கோ தூர மாவட்டத்தில் போட்டுவிடுவார்களே, குழந்தையை யார் பார்ப்பது என்பது ஒரு பயம். இத்தனை வருஷம் ஒரே ஒன்றியத்தில் காத்திருந்த எங்கள் முறை வரும்போது வெளியூர்க்காரர் வந்து நிற்பாரா என்பது இன்னொரு பயம். டி.டபிள்யூ.ஏ. சங்கம் சொன்னதும் இதையேதானே!

நான் அந்த ஆணையின் பக்கம்தான். வேலைக்கு வந்த தேதியை ஒன்றிய எல்லைக் கல் அழிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் முறை தள்ளிப்போனவர்களுக்குச் சொந்த ஒன்றியத்திலேயே முதல் வாய்ப்பு என்று சில வருஷத்துக்காவது ஏதாவது செய்திருக்கலாம்.

பணியில் இருக்கும் என் மாணவிகள் உஷா மேடம், மல்லிகா மேடம் என்று தயங்காமல் எழுதுங்கள். மாறுதலால் எத்தனை வருஷம் போயிற்று, 243 வந்த பிறகு உங்கள் இடம் ஏறியதா, இறங்கியதா என்று கீழே சொல்லுங்கள். பள்ளிப் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம், வருஷக் கணக்கு மட்டும் போதும்.